டச்சில் அலுவல் கடிதம்: சுற்றி வளைக்காமல் எழுதுவது

நெதர்லாந்தில் வாடகை, வேலை, வரி, காப்பீடு என்று எதில் சிக்கல் வந்தாலும் கடைசியில் அது ஒரு கடிதத்தில்தான் வந்து நிற்கும். தொலைபேசியில் அரை மணி நேரம் பேசியிருப்பீர்கள். எதிர்முனையில் இருந்தவர் சரி சரி என்று சொல்லியிருப்பார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால், எழுத்தில் கொடுத்தீர்களா என்பார்கள். கொடுத்திருந்தால் உங்களிடம் ஒரு தேதி இருக்கிறது, ஒரு கோரிக்கை இருக்கிறது, நீங்கள் கேட்டதற்குச் சாட்சி இருக்கிறது. கொடுக்கவில்லை என்றால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

இந்த வகைக் கடிதத்தை டச்சில் 'சாகெலிக்கெ ப்ரீஃப்' என்கிறார்கள். இரண்டு கம்பெனிகள் தங்களுக்குள் எழுதிக்கொள்வது மட்டும் இதில் அடங்காது. வீட்டு உரிமையாளருக்கு, நகராட்சிக்கு, வரித்துறைக்கு, காப்பீட்டு நிறுவனத்துக்கு, வேலைக்கு விண்ணப்பித்து என்று சொந்த விஷயம் அல்லாத எதற்கு எழுதினாலும் அது இந்தக் கணக்கில் வரும். மின்னஞ்சலில் அனுப்பினாலும் விதிகள் பெரும்பாலும் இவையே.

தொடங்கும் முன் ஒரு வார்த்தை: டச்சுச் சொற்களை நான் ஒலிப்படி தமிழில் எழுதுகிறேன். தொண்டையில் உரசி வரும் அவர்களுடைய ஒலிக்குத் தமிழில் எழுத்து இல்லாததால் 'க' போட்டு ஒப்பேற்றியிருக்கிறேன். எழுத்துக்கூட்டலை அகராதியிலோ, உங்களுக்கு வந்திருக்கும் ஏதாவது ஒரு அலுவலகக் கடிதத்திலோ ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நாம் பள்ளியில் கடிதம் எழுதக் கற்றவர்கள். அனுப்புநர், பெறுநர், ஐயா, பொருள், பார்வை, இப்படிக்கு. இந்த எலும்புக்கூடு டச்சுக் கடிதத்திலும் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. ஆகவே அமைப்பைக் கற்பது கஷ்டமில்லை. கஷ்டம் உள்ளே இருக்கும் தொனியில். நாம் மரியாதையை வாக்கியத்துக்கு வாக்கியம் தெளிப்போம். தாழ்மையுடன், பணிவன்புடன், தங்கள் மேலான பார்வைக்கு, தங்கள் பொன்னான நேரத்தை என்று போகும். கேட்க வந்ததை மூன்றாவது பத்தியில் கேட்போம். டச்சுக்காரர்கள் மரியாதையைக் கடிதத்தின் தலையிலும் காலிலும் வைத்துவிட்டு, நடுவில் நேராகப் பேசுவார்கள். அழைப்பு வரியும் முடிப்பு வரியும் பிசகாமல் இருந்தால் மரியாதைக் கடன் தீர்ந்தது. நடுவில் குழைந்தால் பணிவு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இவருக்கு என்னதான் வேண்டும் என்று யோசிப்பார்கள்.

தாளின் மேல்பாதி

மேலே உங்கள் பெயர், முகவரி. அதன் கீழே பெறுபவரின் பெயர், முகவரி. நிறுவனத்துக்கு எழுதும்போது நிறுவனத்தின் பெயர் முதல் வரி. குறிப்பிட்ட ஒருவர் கையில் சேர வேண்டும் என்றால் அடுத்த வரியில் 'டெர் அட்டென்சி வன்' (இன்னாரின் கவனத்துக்கு) என்பதன் சுருக்கத்தைப் போட்டு அவர் பெயர் அல்லது பிரிவின் பெயர்.

தெருப் பெயர் முதலில், கதவு எண் பிறகு: கெர்க்ஸ்ட்ராட் 12. நம் வழக்கத்துக்குத் தலைகீழ். அடுத்த வரியில் அஞ்சல் குறியீடு: நான்கு இலக்கம், ஓர் இடைவெளி, இரண்டு பெரிய எழுத்துகள். அதற்குப் பிறகு இரண்டு இடைவெளி விட்டு ஊர்ப்பெயரைப் பெரிய எழுத்துகளில் எழுதுவது அஞ்சல்துறை விரும்பும் முறை. 1977இல் வந்த இந்தக் குறியீடு மிகவும் நுணுக்கமானது. குறியீடும் கதவு எண்ணும் இருந்தால் போதும், வீட்டைக் கண்டுபிடித்துவிடலாம். இன்னொரு தகவல்: எஸ்எஸ், எஸ்டி, எஸ்ஏ என்ற மூன்று எழுத்துச் சேர்க்கைகளும் அதில் கிடையாது. நாஜி அமைப்புகளின் பெயரைத் தன் வாசல் முகவரியில் யார் வைத்துக்கொள்வார்கள்?

பிறகு ஊரும் தேதியும்: 'யூட்ரெக்ட், 3 நவெம்பர் 2025'. மாதப் பெயர் சிறிய எழுத்தில் தொடங்கும். ஆங்கிலம் படித்த கை தானாகவே பெரிய எழுத்தைப் போடும். அதைத் தடுத்து நிறுத்த வேண்டும். கிழமைப் பெயர்களுக்கும் இதே விதி.

நம் 'பார்வை'க்கு இணையானது 'கென்மெர்க்'. அலுவலகங்கள் அனுப்பும் கடிதங்களில் மேலே ஒரு எண் இருக்கும். பதில் எழுதும்போது அதை 'யுவ் கென்மெர்க்', அதாவது உங்கள் பார்வை எண், என்று அப்படியே எடுத்துப் போட வேண்டும். வாடிக்கையாளர் எண், பாலிசி எண், கோப்பு எண் எது இருந்தாலும் இங்கேதான். இதை விட்டுவிட்டால் உங்கள் கடிதம் எந்த மேசைக்குப் போக வேண்டும் என்று தெரியாமல் உள்ளேயே அலையும். அரசு ஒவ்வொருவருக்கும் கொடுத்திருக்கும் ஒன்பது இலக்கக் குடிமக்கள் எண்ணை வரித்துறை போன்ற அரசு அலுவலகங்களுக்கு எழுதும்போது குறிப்பிடலாம். வீட்டுக்காரருக்கோ கடைக்கோ எழுதும் கடிதத்தில் அது தேவையே இல்லை, கொடுக்கவும் கூடாது.

'பெட்ரெஃப்ட்' அல்லது 'ஒண்டர்வெர்ப்' என்பது பொருள் வரி. இதில் கஞ்சத்தனம் வேண்டாம். வெறுமனே 'புகார்' என்றோ 'வாடகை' என்றோ எழுதினால் பயனில்லை. 'கெர்க்ஸ்ட்ராட் 12 வீட்டின் முன்பணத்தைத் திருப்பித் தருதல்' என்கிற அளவுக்குத் துல்லியமாக இருக்க வேண்டும். கடிதத்தைப் பிரிப்பவர் இந்த ஒரு வரியைப் படித்துத்தான் யாரிடம் கொடுப்பது என்று முடிவுசெய்வார்.

அழைப்பு வரி

கடிதத்திலேயே அதிகம் சறுக்கும் இடம் இதுதான். ஆகவே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பெயர் தெரிந்த ஆணுக்கு 'கெஆக்டெ ஹேர்' (மதிப்புக்குரிய திரு) என்று சொல்லிக் குடும்பப் பெயர். பெண்ணுக்கு 'கெஆக்டெ மெவ்ரௌ' என்று சொல்லிக் குடும்பப் பெயர். முடிவில் கமா. முதல் பெயர், இனிஷியல் எதுவும் இந்த வரியில் வராது. 'ஹேர்', 'மெவ்ரௌ' இரண்டும் சிறிய எழுத்தில் தொடங்கும். இவற்றைச் சுருக்கி எழுதுவது அவசரமாகத் தெரியும், முழுதாக எழுதுங்கள்.

டச்சுக் குடும்பப் பெயர்களில் டெ, வன், வன் டெர் என்று ஒட்டுச் சொற்கள் நிறைய. இவற்றுக்கு ஒரு நுணுக்கமான விதி உண்டு. ஒட்டுச் சொல்லுக்கு முன்னால் பெயரோ இனிஷியலோ இருந்தால் அது சிறிய எழுத்து. இல்லாவிட்டால் பெரிய எழுத்து. ஆக, முகவரியில் இனிஷியலோடு எழுதும்போது டெ வ்ரீஸின் 'டெ' சிறியது. 'கெஆக்டெ ஹேர் டெ வ்ரீஸ்' என்று அழைக்கும்போது அதே 'டெ' பெரியது. அற்பமாகத் தோன்றும். ஆனால் இதைச் சரியாக எழுதியவரை, டச்சு தெரிந்த ஆள் என்று படிப்பவர் முதல் வரியிலேயே எடைபோட்டுவிடுவார். அகரவரிசையிலும் இதன் பாதிப்பு உண்டு. நெதர்லாந்தில் டெ வ்ரீஸை 'வ்ரீஸ்' என்ற இடத்தில் தேட வேண்டும். பெல்ஜியத்தில் 'டெ' என்ற இடத்தில்.

யார் படிப்பார் என்று தெரியாதபோது 'கெஆக்டெ ஹேர், மெவ்ரௌ' என்று இரண்டையும் எழுதுவது வழக்கம். இதற்கு இப்போது எதிர்ப்பும் உண்டு. நெதர்லாந்து ரயில்வே 2017 டிசம்பரிலிருந்து தன் அறிவிப்புகளில் சீமாட்டிகளே, கனவான்களே என்பதை விட்டுவிட்டு, பயணிகளே என்று அழைக்கத் தொடங்கியது. அந்தக் காற்று கடிதங்களிலும் வீசுகிறது. பிரிவின் பெயரையோ பொறுப்பையோ சொல்லி அழைப்பவர்கள் கூடியிருக்கிறார்கள். லத்தீனில் 'லெக்டோரி சாலூடெம்', வாசிப்பவருக்கு வணக்கம், என்பதன் முதலெழுத்துகளை மட்டும் போடும் பழைய வழக்கமும் உயிரோடுதான் இருக்கிறது. பலருக்கு ஒரே கடிதம் அனுப்பும் நிறுவனத்துக்கு அது பொருந்தும். தனி ஆள் எழுதினால் விறைப்பாக இருக்கும். முடிந்தால் தொலைபேசியில் கேட்டுப் பெயரைத் தெரிந்துகொள்வதே மேல்.

'பெஸ்டெ' என்று தொடங்கலாமா? அது அன்பான, நெருக்கமான அழைப்பு. ஏற்கெனவே பழக்கமானவருக்குச் சரி. முதல் கடிதத்தில் 'கெஆக்டெ' என்றே தொடங்குங்கள். பதிலில் அவர் உங்களை 'பெஸ்டெ' என்று அழைத்து, தன் முதல் பெயரை மட்டும் போட்டுக் கையெழுத்திட்டிருந்தால், அடுத்த முறை நீங்களும் அப்படி எழுதலாம் என்று அர்த்தம். இந்த நாட்டில் அலுவலகத்தில் மேலதிகாரியையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அதைப் பார்த்துவிட்டுக் கடிதத்திலும் ஆரம்பத்திலேயே தோளில் கை போடக் கூடாது.

பட்டங்களுக்கு என்று தனி அழைப்புகள் உண்டு. பேராசிரியருக்கு ஹோக்கெலேர்டெ, நீதிபதிக்கு ஏடெல்ஆக்ட்பாரெ என்று பட்டியல் நீளும். இன்றைக்குச் சாதாரணக் கடிதத்தில் இவை வேண்டியதில்லை. நீதிமன்றத்துக்கு எழுதும்போது மட்டும் ஞாபகம் வைத்துக்கொண்டால் போதும். ஒரு பொறி மட்டும் கவனிக்க வேண்டியது: பெயருக்கு முன்னால் எம்ஆர் என்று இருந்தால் அது ஆங்கிலத்தில் நாம் அறிந்த மிஸ்டர் இல்லை. சட்டம் படித்த 'மேய்ஸ்டர்' என்பதன் சுருக்கம். பெண்களின் பெயருக்கு முன்னாலும் வரும். அதைப் பார்த்து ஆண் என்று முடிவுகட்டி 'ஹேர்' போட்டுவிடாதீர்கள்.

தமிழ்ப் பெயர்களுக்கு இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. நம் இனிஷியல் அப்பாவின் பெயர். டச்சுக்காரர்களின் 'வோர்லெட்டர்ஸ்' அவரவர் சொந்தப் பெயர்களின் முதலெழுத்துகள். நம் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் பெரும்பாலும் அப்பா பெயர் இருப்பதால், அலுவலகக் கடிதங்கள் அப்பாவை அழைத்தபடி வரும். வேடிக்கையாக இருந்தாலும் அதை மாற்றி எழுதி ஒப்பமிட வேண்டாம். நகராட்சிப் பதிவேட்டில் உங்கள் பெயர் எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் கையெழுத்தின் கீழ் எழுதுங்கள். இல்லாவிட்டால் கோப்பில் இருக்கும் ஆளும் கடிதம் எழுதிய ஆளும் வேறு வேறு என்று ஆகிவிடும்.

நடுப்பகுதி

அழைப்பு வரியில் கமா போட்டாலும், ஒரு வரி விட்டுத் தொடங்கும் முதல் வாக்கியம் பெரிய எழுத்தில்தான் ஆரம்பிக்கும். நீங்கள் என்பதற்கு 'யூ'. நீ என்பதற்கான 'யெ' முதலிலிருந்து கடைசிவரை எங்குமே தலைகாட்டக் கூடாது. ஒரே கடிதத்தில் இரண்டும் கலந்து வந்தால் அதிகாரியை நீங்க என்று தொடங்கி நீ என்று முடித்த மாதிரி இருக்கும். 'யூ ஹெப்ட்', 'யூ ஹேஃப்ட்' இரண்டும் சரியான வடிவங்களே. ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசிவரை அதையே எழுதுங்கள். பழைய கடிதங்களில் இந்த 'யூ'வைப் பெரிய எழுத்தில் எழுதினார்கள். இப்போது கடவுளுக்குத்தான் அந்த மரியாதை.

இனி ஒரு கடிதத்தை உண்மையாகவே எழுதிப் பார்ப்போம். வாடகை வீட்டைக் காலி செய்தாயிற்று, முன்பணம் வரவில்லை. நெதர்லாந்தில் 2023 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் நல்ல வாடகைமுறைச் சட்டப்படி, அதற்குப் பின் போட்ட ஒப்பந்தங்களில் முன்பணம் இரண்டு மாத அடிப்படை வாடகைக்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் முடிந்து 14 நாளுக்குள் அதைத் திருப்பித் தர வேண்டும். சேதம், வாடகை பாக்கி என்று ஏதாவது பிடித்தம் செய்வதானால் 30 நாள். அப்போதும் எதற்கு எவ்வளவு பிடித்தார் என்ற கணக்கைத் தர வேண்டும். நம் கற்பனைக் குடியிருப்பாளர் மாதம் 950 யூரோ கொடுத்தவர், 2024 அக்டோபரில் குடிவந்து 2025 செப்டம்பர் 30 அன்று வெளியேறியவர். இரண்டு கெடுவும் தாண்டியாயிற்று. நவம்பர் 3ஆம் தேதி எழுதுகிறார்.

நம் பாணியில் எழுதினால் எப்படி இருக்கும்? 'தங்கள் வீட்டில் ஓராண்டு மகிழ்ச்சியாக வசித்தோம், தங்களுக்கு நன்றி, தங்களுக்கு நிறைய வேலைகள் இருக்கும் என்பது தெரியும், ஆயினும் எங்கள் குடும்பச் சூழலைக் கருத்தில் கொண்டு...' படித்து முடிப்பதற்குள் வீட்டு உரிமையாளர் டெ வ்ரீஸ் காப்பி குடிக்கப் போய்விடுவார். டச்சுக் கடிதம் இப்படித் தொடங்கும்:

'இக் வெர்சூக் யூ டெ வார்போர்க்சோம் வன் € 1.900,00 ஓய்டர்லிக் 17 நவெம்பர் 2025 டெரூக் டெ பெடாலென்.'

முன்பணமான 1.900 யூரோவை 2025 நவம்பர் 17ஆம் தேதிக்குள் திருப்பிச் செலுத்தும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். அவ்வளவுதான். யார் கேட்கிறார், என்ன கேட்கிறார், எவ்வளவு, எதற்குள் என்ற நான்கும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. 'வெர்சூக்' என்ற வினை போதுமான அளவு மரியாதையானது. அதற்கு மேல் தயவுசெய்து என்று தனியாகக் கெஞ்ச வேண்டியதில்லை. 'ஓய்டர்லிக்', அதாவது 'அதிகபட்சம் இந்தத் தேதிக்குள்', என்பது அலுவல் டச்சில் மிக உபயோகமான சொற்களில் ஒன்று. விரைவில், கூடிய சீக்கிரம் என்பதையெல்லாம் அடித்துவிட்டு இதைப் போடுங்கள்.

அடுத்த பத்தியில் காரணம். 'மெய்ன் ஹூர்ஓவர்ஏன்கொம்ஸ்ட் இஸ் ஒப் 30 செப்டெம்பர் 2025 கெஎய்ன்டிக்ட். பெய் டெ ஒப்லேவெரிங் இஸ் கேன் ஸ்காடெ வஸ்ட்கெஸ்டெல்ட்.' என் வாடகை ஒப்பந்தம் அன்றைய தேதியில் முடிந்தது. வீட்டை ஒப்படைத்தபோது எந்தச் சேதமும் பதிவாகவில்லை. சட்டப்படி 14 நாளில் தந்திருக்க வேண்டும் என்று ஒரு வாக்கியம், பணம் போட வேண்டிய வங்கிக் கணக்கு எண் ஒரு வாக்கியம். கோபம், வருத்தம், ஏமாற்றம் எதுவும் இதில் வராது. வந்தால் கடிதத்தின் பலம் குறையும்.

கடைசிப் பத்தியில் பின்விளைவு: 'ஆல்ஸ் இக் ஹெட் பெட்ராக் ஒப் டீ டாடும் நீட் ஹெப் ஒன்ட்வங்கென், லெக் இக் டெ சாக் வோர் ஆன் டெ கண்டொன்ரெக்டர்.' அந்தத் தேதிக்குள் பணம் வரவில்லை என்றால் வழக்கைக் கண்டொன் நீதிபதியிடம் கொண்டுபோவேன். நமக்கு இது மிரட்டல் போலக் கேட்கும். அவர்கள் காதில் இது தகவல். வாடகை வழக்குகளையும் 25.000 யூரோ வரையிலான பணத் தகராறுகளையும் விசாரிக்கும் அந்த நீதிபதியின் முன்னால் வக்கீல் இல்லாமலே நிற்கலாம் என்பதால், டெ வ்ரீஸுக்கும் இது வெறும் பேச்சில்லை என்று தெரியும். செய்ய உத்தேசம் இல்லாததை மட்டும் எழுதக் கூடாது.

மேலே தொகையை எழுதிய விதத்தைக் கவனித்தீர்களா? ஆயிரத்துக்குப் புள்ளி, காசுக்குக் கமா, யூரோ குறியீட்டுக்குப் பிறகு ஓர் இடைவெளி. நம் வழக்கப்படி இடம் மாற்றி எழுதினால் ஆயிரத்துத் தொள்ளாயிரம் கேட்கப் போய் ஒரு யூரோ தொண்ணூறு சென்ட் கேட்டதாகிவிடும். நேரம் குறிப்பிடும்போது எண்ணில் எழுதுங்கள்: 9.30. சொல்லில் எழுதினால் டச்சில் 'ஹால்ஃப் டீன்', அரைப் பத்து, என்பது ஒன்பதரை. பத்தரை என்று நினைத்துப் போனால் கூட்டம் முடிந்திருக்கும்.

பழைய பட்டுப் புடவைகள்

இணையத்தில் கிடைக்கும் மாதிரிக் கடிதங்களில் சில வாக்கியங்கள் திரும்பத் திரும்ப வரும். 'மிடெல்ஸ் டிட் ஸ்க்ரெய்வென்' (இம்மடல் வாயிலாக), 'கார்னெ' (விரும்பி வேண்டுகிறேன் என்கிற மாதிரி ஒரு பழஞ்சொல்), 'பெய்காண்ட் ட்ரெஃப்ட் யூ ஆன்' (இத்துடன் காணப்பெறுவீர்). பீரோவிலிருந்து எடுத்துக் கட்டினால் பாச்சை உருண்டை மணக்கும். கார்னெக்குப் பதில் 'க்ராக்' போதும்; இணைப்பு இருப்பதைச் சொல்ல 'இன் டெ பெய்லாகெ' போதும். 'உங்களுக்குப் போதிய தகவல் அளித்துவிட்டேன் என நம்புகிறேன்' என்ற வழக்கமான முடிப்பு வாக்கியம் எதையும் சொல்வதில்லை. அதை எடுத்துவிட்டால் யாரும் தேட மாட்டார்கள். நெதர்லாந்து அரசே தன் கடிதங்களை எளிமையாக்க முயன்றுகொண்டிருக்கிறது. பொதுமக்களுக்கு எழுதுவதெல்லாம் பி1 என்ற இடைநிலை மொழித்தரத்தில் இருக்க வேண்டும் என்பதே அலுவலகங்கள் வைத்துக்கொள்ளும் இலக்கு. ஆகவே உங்கள் டச்சு எளிமையாக இருக்கிறதே என்று கூச்சப்பட வேண்டாம். குறுகிய வாக்கியங்கள் இங்கே குறையாகத் தெரிவதில்லை.

'நார் ஆன்லெய்டிங் வன் யுவ் ப்ரீஃப்', உங்கள் கடிதத்தைத் தொடர்ந்து, என்று தொடங்கும் வாக்கியம் மட்டும் பழசாக இருந்தாலும் வேலைக்கு ஆகும். அதன் பின்னால் அவர்களுடைய கடிதத்தின் தேதியைப் போட்டுவிட்டு உடனே விஷயத்துக்கு வாருங்கள்.

தமிழர்கள் கவனிக்க வேண்டிய இலக்கணப் பொறி ஒன்று இருக்கிறது. டச்சின் முதன்மை வாக்கியத்தில் வினை இரண்டாம் இடத்தில் வரும். துணை வாக்கியத்தில் கடைசிக்குப் போய்விடும். கடைசியில் வினை வருவது நமக்குத் தாய்ப்பால். அதனால் டச்சில் துணை வாக்கியங்கள் கைக்கு எளிதாக வரும், ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போவோம். எழுவாய் முதல் வரியில், அதன் வினை நான்காம் வரியில். டச்சு உரைநடை ஆசிரியர்கள் இதை இடுக்கி வாக்கியம் என்று பெயரிட்டுத் திட்டுகிறார்கள். ஒரு வாக்கியத்தில் ஒரு துணை வாக்கியத்துக்கு மேல் வந்தால் முற்றுப்புள்ளி வைத்து இரண்டாக வெட்டுங்கள்.

கீழே

முடிப்புக்கு இரண்டே தேர்வு. 'ஹோக்ஆக்டெண்ட்' (மிகுந்த மதிப்புடன்) மிகவும் கறாரானது. நீதிமன்றம், வக்கீல், கடைசி எச்சரிக்கை போன்ற இடங்களுக்கு. 'மெட் வ்ரீன்டெலிக்கெ க்ரூட்' (நட்பான வணக்கத்துடன்) மற்ற எல்லாவற்றுக்கும். இரண்டுக்கும் பின்னால் கமா. இரண்டாவதை மூன்று எழுத்தில் சுருக்கிப் போடும் வழக்கம் மின்னஞ்சலில் பரவிக் கிடக்கிறது; அந்த மூன்று எழுத்தைப் பார்த்து எரிச்சலடைபவர்களும் அதே அளவு இருக்கிறார்கள். பிறகு கையெழுத்துக்கு இடம், தட்டச்சு செய்த பெயர், நிறுவனத்தின் சார்பில் என்றால் பொறுப்பு. கடைசியில் 'பெய்லாகென்' என்று போட்டு இணைப்புகளின் பட்டியல். நம் கடிதத்தில் ஒப்பந்த நகல், வீடு ஒப்படைத்த அறிக்கை, முன்பணம் கட்டியதற்கான வங்கி ரசீது ஆகிய மூன்றும். அசலை அனுப்பாதீர்கள், நகல் மட்டுமே.

பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதிக்கு எழுதினால் சில மாற்றங்கள். அங்கே அஞ்சல் குறியீடு வெறும் நான்கு இலக்கம், எழுத்துகள் கிடையாது: 9000 கெண்ட். அடுக்குமாடி வீட்டு எண்ணுக்கு முன் 'பஸ்' என்று போடுவார்கள். குடும்பப் பெயரின் ஒட்டுச் சொல்லை அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத வேண்டும். நெதர்லாந்தின் பெரிய எழுத்து, சிறிய எழுத்து விளையாட்டு அங்கே செல்லாது. பக்க ஓரம், வரி இடைவெளி வரைக்கும் சொல்லும் என்பிஎன் இசட் 01-002 என்ற தரநிர்ணயமும் அவர்களிடம் உண்டு. செயலர் படிப்புப் படித்தவர்கள் அதைக் கண்ணும் கருத்துமாகப் பின்பற்றுவார்கள்.

தேதிக்கு உயிர் உள்ள கடிதங்கள்

சில கடிதங்களில் தொனியைவிட நாள்கணக்கு முக்கியம். அரசு அலுவலகம் ஒன்று உங்களுக்கு எதிராக முடிவெடுத்தால், உதாரணமாக உதவித்தொகையை நிறுத்தினால், அதை எதிர்த்து 'பெஸ்வார்ஸ்க்ரிஃப்ட்' எழுதலாம். 1994 முதல் நடைமுறையில் உள்ள பொது நிர்வாகச் சட்டம் இதற்கு ஆறு வாரம் தருகிறது. முடிவு அறிவிக்கப்பட்ட மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். பெயர், முகவரி, தேதி, எந்த முடிவை எதிர்க்கிறீர்கள், ஏன் எதிர்க்கிறீர்கள், கையெழுத்து ஆகியவை இருந்தாக வேண்டும். காரணங்களைத் திரட்ட நேரம் போதாவிட்டால், 'எதிர்க்கிறேன், காரணங்களைப் பிறகு அனுப்புகிறேன், அதற்கு அவகாசம் தாருங்கள்' என்று ஒரு சுருக்கமான கடிதத்தைக் கெடுவுக்குள் போட்டுவிடலாம். இதற்கு 'ப்ரோ ஃபோர்மா' என்று பெயர். விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பி வந்து பார்க்கும்போது ஐந்து வாரம் ஓடியிருக்கும் குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

தனி ஆளோ நிறுவனமோ ஒப்பந்தப்படி நடக்காதபோது எழுதுவது 'இன்கெப்ரேகெஸ்டெல்லிங்'. நீங்கள் இன்னதைச் செய்யவில்லை, இந்த நியாயமான கெடுவுக்குள் செய்யுங்கள், தவறினால் நீங்களே பொறுப்பு என்பது அதன் சாரம். மேலே எழுதிய முன்பணக் கடிதம் இந்தப் பாணியில் ஆனதுதான். இதை 'ஆன்கெடேகெண்ட்', பதிவுத் தபாலில், அனுப்புவது நல்லது. அதோடு சாதாரணத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு நகல் அனுப்புங்கள். பதிவுத் தபாலை வாங்க ஆளில்லை, போய் எடுக்கவும் இல்லை என்று சாக்குச் சொல்பவர்கள் எங்கும் உண்டு.

உங்களிடம் பணம் கேட்டு வரும் கடிதங்களையும் இதே கண்ணோடு படிக்கலாம். கட்டணத்தைச் செலுத்தத் தவறிய தனிநபரிடம் வசூல் செலவைச் சேர்த்துக் கேட்பதற்கு முன், நிறுவனம் 14 நாள் அவகாசம் தந்து ஒரு நினைவூட்டல் அனுப்பியாக வேண்டும். அந்த 14 நாள் அவகாசம், கடிதம் உங்கள் கையில் கிடைத்த மறுநாளிலிருந்து ஓடத் தொடங்குகிறது, கடிதத்தில் போட்டிருக்கும் தேதியிலிருந்து அல்ல. தாமதித்தால் சேரும் தொகையையும் அதில் சொல்லியிருக்க வேண்டும். முதல் 2.500 யூரோ வரை 15 சதவீதம், குறைந்தது 40 யூரோ என்பது சட்டம் வைத்த அளவு. இந்த நினைவூட்டல் வராமலே வசூல் செலவு கேட்டால், தரவேண்டியதில்லை என்று நாலு வரியில் பதில் எழுதலாம். அசல் தொகையை மட்டும் கட்டிவிடுங்கள்.

அரசு அலுவலகம் உங்கள் பெஸ்வார்ஸ்க்ரிஃப்ட்டுக்குப் பதிலே சொல்லாமல் இழுத்தால்? அதற்கும் கடிதம்தான். சட்டம் கொடுத்த கெடு தாண்டிவிட்டது, முடிவெடுங்கள் என்று அந்த அலுவலகத்துக்கே ஓர் இன்கெப்ரேகெஸ்டெல்லிங் அனுப்பலாம். அது கிடைத்து இரண்டு வாரத்துக்குள்ளும் முடிவு வரவில்லை என்றால், பெரும்பாலான விஷயங்களில் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் அலுவலகம் உங்களுக்குப் பணம் தர வேண்டும், அதிகபட்சம் 42 நாள்வரை. அந்தக் கடிதமும் அதே அச்சில்தான்: மேலே அவர்களுடைய பார்வை எண், 'கெஆக்டெ', முதல் வாக்கியத்தில் கோரிக்கை, இரண்டாவதில் நீங்கள் முதலில் எழுதிய தேதி, 'ஹோக்ஆக்டெண்ட்', கையெழுத்து. அரைப் பக்கம்கூட வராது.